ட்ரெயிலர் டொய்லெட் கசிவுக்கு சிலிக்கோன் மருந்தல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

கனடாவில் மே மாதம் வரும் விக்டோரியா தின நீண்ட வார இறுதியை ஒட்டி, பனிக்காலம் முழுக்க மூடிக்கிடந்த முகாம் ட்ரெயிலர்களைத் திறப்பவர்களுக்காக நீங்கள் வெளியிட்ட குறிப்புகளில் டயர், பற்றரி, காஸ் பற்றிய பகுதிகளில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் டொய்லெட்டுக்குப் பின்னால் தண்ணீர் கசிந்தால் மரையில் டெஃப்லோன் நாடா சுற்றி மேலே சிலிக்கோன் பூசினால் போதும் என்று இருந்த அந்த ஒரு வரியை அப்படியே விட முடியவில்லை. அழுத்தத்தில் இருக்கும் குழாயில் வெளியிலிருந்து பூசிய சிலிக்கோன் நிற்காது. நின்றதுபோலத் தெரிந்தால் இன்னும் கேடு. கண்ணுக்குத் தெரிந்த ஒழுக்கு தெரியாத வழியில் இறங்கி, தரை வினைலுக்குக் கீழே உள்ள பலகையை ஊறவைக்கும்.

வீட்டு டொய்லெட்டுக்கும் ட்ரெயிலர் டொய்லெட்டுக்கும் உள்ள வேறுபாடு தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. வீட்டில் தண்ணீர்த் தொட்டி நிறைந்ததும் மிதவை வால்வு மூடிக்கொள்ளும். ட்ரெயிலர் டொய்லெட்டில் அப்படியொரு தொட்டியே இல்லை. அரை அங்குலக் குழாய் நேராக டொய்லெட்டின் பின்பக்கத்தில் உள்ள சிறு பிளாஸ்டிக் வால்வுக்கு வருகிறது; பெடலை மிதித்தால் அது திறக்கும், விட்டால் மூடும். பம்ப் போட்டிருக்கும்வரை அல்லது முகாம் தண்ணீரின் வெளிக்குழாய் பூட்டியிருக்கும்வரை அந்த வால்வும் இணைப்பும் முழு அழுத்தத்திலேயே இருக்கும். அங்கே ஒரு துளி கசிந்தால் இரவு முழுக்கக் கசியும். வீட்டில் சுவரோரம் இருக்கும் அடைப்பு வால்வும் பல ட்ரெயிலர்களில் கிடையாது.

எனவே முதலில் ஸ்பனரைத் தொட வேண்டாம். தண்ணீர் எப்போது வருகிறது என்று பாருங்கள். எல்லாவற்றையும் துடைத்துக் காயவைத்து, இணைப்பு நட்டைச் சுற்றி ஒரு டிஷ்யூ, வால்வின் அடியில் ஒன்று, டொய்லெட்டின் அடிப்பக்கத்தைச் சுற்றிச் சில என்று வைத்து பம்பைப் போடுங்கள். யாரும் மிதிக்காமலே நனைந்தால் குழாய், இணைப்பு, வால்வு மூன்றில் ஒன்று. மிதிக்கும்போது மட்டும் பின்பக்கம் மேலிருந்து வடிந்தால் அது வாக்யூம் பிரேக்கர், அதாவது கிண்ணத்து நீர் குடிநீர்க் குழாய்க்குத் திரும்பாமல் தடுக்கும் சிறு பாகம். அதை மட்டும் தனியாக வாங்கி மாற்றலாம். மிதித்த பிறகு அடியில் மட்டும் ஈரம் வந்தால் ஃபிளாஞ்சின், அதாவது டொய்லெட்டைத் தரையோடு பூட்டும் வளையத்தின், சீல் போய்விட்டது. கிண்ணத்தில் தண்ணீர் தானாக மெல்ல ஏறினால் வால்வுக்குள் மணலோ சுண்ணாம்புத் துகளோ சிக்கியிருக்கிறது. ஈரப்பதம் மிகுந்த ஜூலை நாளில் குளிர்ந்த கிணற்றுநீர் ஓடும் குழாய் முழுக்க வியர்க்கும். அதைக் கசிவென்று எண்ணி வால்வு வாங்கியவர்களும் உண்டு.

பம்பும் துப்புச் சொல்லும். ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களில் பெரும்பாலும் தளத்துக்குத் தனித் தண்ணீர் இணைப்பு இருக்காது. ட்ரெயிலரின் நன்னீர்த் தொட்டியும் 12 வோல்ட் பம்பும்தான். எல்லாக் குழாயும் மூடியிருக்க, பம்ப் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு நொடி உறுமி நின்றால் எங்கோ நீர் இழக்கிறது. எங்கும் ஈரமே இல்லையென்றால், பம்புக்குள் இருக்கும் ஒருவழி வால்வு தண்ணீரைத் தொட்டிக்கே திருப்பி விடுகிறது. அப்போது டொய்லெட்டைக் கழற்றுவது வீண்.

வசந்தத்தில் முதல் முறை தண்ணீர் விடும்போது தெரியும் கசிவுக்குக் காரணம் பெரும்பாலும் அந்தப் பிளாஸ்டிக் வால்வுதான். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 வீதம் பருக்கும். இலையுதிர்காலத்தில் குழாய்களைக் காற்றால் ஊதியவர் டொய்லெட் பெடலை மிதிக்க மறந்திருந்தால், வால்வுக்குள் நின்ற சிறு அளவு நீரே அதைப் பிளக்கப் போதும். வெடிப்பு மயிரிழை அளவுதான். கையில் எடுத்துப் பார்த்தாலும் தெரியாது, அழுத்தம் வந்ததும் திறக்கும். இதை ஒட்டவோ பூசவோ முயல வேண்டாம், வால்வையே மாற்றுங்கள். டொமெற்றிக் 300, 310, 320 வகைகளுக்கு 385311641 என்ற எண், தெட்ஃபோர்ட் அக்வா மாஜிக் ஃபைவ் (V) வகைக்கு 31705. வாங்குமுன் டொய்லெட்டில் ஒட்டியுள்ள மாதிரிப் பெயரோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். வால்வு உடைந்ததற்காக முழு டொய்லெட்டையும் மாற்றச் சொல்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

மாற்றுமுன் பம்பை அணைத்து, வெளிக்குழாயைக் கழற்றி, சமையலறைக் குழாயைத் திறந்து, பெடலை மிதித்து அழுத்தத்தை விடுங்கள். ட்ரெயிலரின் அடியில் உள்ள வடிகால் மூடிகளையும் திறந்தால் குழாயில் மீந்த நீர் கழிவறைத் தரையில் கொட்டாது. சிறிய கழிவறையில் வால்வுக்குக் கை போகாது. கை போகாத இடத்தில் ஒரு மணிநேரம் மல்லுக்கட்டுவதைவிட, அடியில் உள்ள இரண்டு நட்டைக் கழற்றி டொய்லெட்டையே தூக்குவது விரைவு. முதலில் கழிவுத் தொட்டியைக் காலி செய்து கழுவுங்கள். தூக்கியதும் துவாரத்தைப் பழந்துணியால் அடையுங்கள், நட் உள்ளே விழுந்தால் திரும்பாது. திரும்பப் பூட்டும்போது ஃபிளாஞ்சுக்குப் புதிய ரப்பர் சீல் போடுங்கள். வீட்டில் பாவிக்கும் மெழுகு வளையம் ஓடும் வண்டியின் குலுக்கலுக்கும் வெயிலுக்கும் ஏற்றதல்ல.

அடுத்தது இணைப்பு நட். இது சுழலும் பிளாஸ்டிக் நட். உள்ளே கூம்பு வாசரோ தட்டை வாசரோ இருக்கும். நீரைத் தடுப்பது அந்த வாசர். மரைக்கு அதில் பங்கில்லை, ஆகவே டெஃப்லோன் இங்கே எதற்கும் உதவாது. தடிப்பாகச் சுற்றினால் நட் கோணலாகி வாசரை ஒழுங்காக அமர விடாது. கையால் இறுகும்வரை இறுக்கி, அதன்பின் கால் சுற்று. அவ்வளவே. அதற்கும் கசிந்தால் வாசர் காய்ந்து கடினமாகியிருக்கலாம், அல்லது முன்பு யாரோ தலைகீழாகப் போட்டிருக்கலாம். மேலும் மேலும் இறுக்கினால் உடைவது நட் அல்ல, வால்வின் வாய்.

வாசர் மாற்றியும் ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் அதே இடம் கசிந்தால், குழாய் வரும் கோணத்தைப் பாருங்கள். விறைப்பான பெக்ஸ் (PEX) என்ற பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டிருந்தால் நெடுஞ்சாலைக் குலுக்கலில் நட் தளரும். குழாயை நேராக வெட்டி, அரை அங்குலக் கால்சுற்று அடைப்பு வால்வு ஒன்றைப் பூட்டி, அங்கிருந்து டொய்லெட்டுக்கு இருபுறமும் அரை அங்குலப் பெண்மரை (உட்பக்க மரை) உள்ள பின்னிய நெகிழ்குழாய் கொடுத்தால் இழுவையும் போகும், அடுத்த முறை டொய்லெட்டுக்கு மட்டும் தண்ணீரை நிறுத்தவும் முடியும். சமையலறைத் தண்ணீர்க் குழாய்களுக்கு விற்கும் நெகிழ்குழாயே இது. வீட்டு டொய்லெட்டுக்கு விற்பது இங்கே பொருந்தாது, அதன் ஒரு முனை 7/8 அங்குலம்.

பெக்ஸில் செப்பு வளையம் நெரிப்பவர்கள் வளையத்தைக் குழாய் முனையிலிருந்து 3 முதல் 6 மில்லிமீற்றர் உள்ளே வைத்து, நெரித்தபின் அதற்கென்றுள்ள அளவுமானியால் சோதிக்க வேண்டும். கருவி வாங்க மனமில்லையென்றால் தள்ளிப் பொருத்தும் ஷார்க்பைட் வகை இணைப்பு போதும், ஆனால் முனை நேராகவும் கீறலின்றியும் இருக்க வேண்டும். ஏறக்குறைய ஓர் அங்குல ஆழத்தை முன்பே குறித்து, குறி வரை தள்ளுங்கள். 1990களின் நடுப்பகுதிக்கு முந்திய ட்ரெயிலரில் சாம்பல் நிறக் குழாய் இருந்தால் அது பொலிபியூட்டிலீன். வெளிவிட்டம் பெக்ஸுடையதேதான், சுவர்த் தடிப்பு வேறு. பெக்ஸ் இணைப்பை அதில் நெரித்தால் பிடிக்காது. அதற்கென்று விற்கும் மாற்று இணைப்பைக் கேட்டு வாங்க வேண்டும்.

இனி நம்மவர் ட்ரெயிலர்களுக்கே உரிய ஒன்று: கழுவும் கைத்தெளிப்பான். தண்ணீர் இல்லாமல் நமக்கு ஆகாது, அதில் தவறும் இல்லை. கடையில் வாங்கும் வீட்டுத் தெளிப்பானின் டீ (T வடிவ) இணைப்பு தொட்டி உள்ள டொய்லெட்டின் 7/8 அங்குல மரைக்குச் செய்தது. அதை அடாப்டர்மேல் அடாப்டர் வைத்து வால்வு வாயில் தொங்கவிட்டால், அந்தப் பாரமும் குலுக்கலும் சேர்ந்து பிளாஸ்டிக்கை முறிக்கும். டீயை முன்னாலேயே பெக்ஸ் குழாயில் பூட்டி, சுவரில் கிளிப்பால் நிலைப்படுத்துங்கள். டீயில் அடைப்பு வால்வு கட்டாயம். கழுவி முடிந்ததும் அதை மூடுங்கள். மலிவான தெளிப்பான் குழாய்கள் நாள் முழுக்க அழுத்தத்தில் இருக்கச் செய்தவை அல்ல, நீங்கள் கடற்கரையில் இருக்கும்போதுதான் வெடிக்கும்.

இதைவிடப் பெரிய விடயம் வாக்யூம் பிரேக்கர். தெளிப்பான் முனை கிண்ணத்துக்குள் விழுந்து கிடக்கும்போது குழாயில் அழுத்தம் இறங்கினால் அழுக்கு நீர் பின்னோக்கி உறிஞ்சப்படும். ட்ரெயிலரில் அதே குழாய்தான் சமையலறைக்கும் போகிறது. டொய்லெட் உற்பத்தியாளர்கள் தமது கைத்தெளிப்பான் தொகுதிகளை அந்தப் பாதுகாப்போடு தருகிறார்கள். விலை கூடினாலும் அதையே வாங்குங்கள்.

தனியார் முகாம்களில் வெளிக்குழாய் பூட்டுபவர்கள் 40 முதல் 50 பிஎஸ்ஐ அழுத்தச் சீராக்கியை முகாம் குழாயிலேயே, ஹோஸுக்கு முன் பூட்ட வேண்டும். ஆனால் வேலை முடிந்தபின் முதல் சோதனையைப் பம்பில் செய்யுங்கள். டிஷ்யூவை மறுபடி வைத்து அரை மணிநேரம் காத்திருங்கள். பம்ப் இடையில் உறுமாமலும் டிஷ்யூ காய்ந்தும் இருந்தால்தான் வெளிக்குழாய்.

ஒக்டோபரில் மூடும்போது முதலில் வடிகால்களைத் திறந்து நீரை முழுதாக விடுங்கள். மீந்த நீர் பின்னர் ஏற்றும் உறைதடுப்பியை ஐதாக்கிவிடும். பின் சுடுநீர்க் கலனைத் தவிர்த்து, இளஞ்சிவப்பு நிற புரொப்பிலீன் கிளைக்கோல் உறைதடுப்பியைப் பம்பால் ஏற்றுங்கள். நடுத்தர ட்ரெயிலருக்கு 8 முதல் 12 லீற்றர் வரை போகும். காருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கோல் நஞ்சு, குடிநீர்க் குழாய்க்குள் அது போகவே கூடாது. டொய்லெட் பெடலை மிதித்து இளஞ்சிவப்பு வரும்வரை விடுங்கள், கைத்தெளிப்பானையும் அதேபோல். இந்த இரண்டில் ஒன்றைத்தான் பலர் மறக்கிறார்கள்.

ஏற்கெனவே கசிந்து நின்ற தண்ணீர் தானாகக் காயாது. பல ட்ரெயிலர்களில் அடிப்பகுதியை நெளிபிளாஸ்டிக் தகடு மூடியிருப்பதால் நீர் அதன்மேல் தேங்கி நிற்கும். ஒரு மூலையைக் கழற்றி வடியவிட்டு, மேலே சிறு விசிறியை இரண்டு மூன்று நாள் ஓடவிடுங்கள். டொய்லெட்டைச் சுற்றிய தரை மிதிக்கையில் அமுங்கினால் அந்தப் பலகையை வெட்டி மாற்றாமல் டொய்லெட்டைத் திரும்பப் பூட்ட வேண்டாம். ஃபிளாஞ்சின் திருகுகள் பிடிக்க அங்கே மரம் மிச்சமிருக்காது.

இப்படிக்கு,
ட்ரெயிலர் திருத்துநர் ஒருவர்,
ஸ்காபரோ