குறை இல்லை என்று எழுதிய சீட்டுகள்

நார்தாம்ப்டன்
9 நவம்பர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைத்து இரண்டு வாரம் ஆகிறது. சாயங்காலம் நாலரைக்குள் இருட்டிவிடுகிறது. காலையில் கார் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

தம்பி அனுப்பிய ஆயுத பூஜை படம் பார்த்தேன். நம் மூன்று லாரிக்கும் மாலை போட்டு, நீங்கள் பழைய வண்டிக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்தவுடன் என் கண் முன்சக்கர டயருக்குத்தான் போனது. படத்தைப் பெரிதாக்கி டயரில் பட்டன், அதாவது தேயாமல் மிச்சமிருக்கிற மேடு, எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தேன். இந்த வேலைக்கு வந்ததிலிருந்து அப்படித்தான் ஆகிவிட்டது.

போன வாரம் போனில், "அடுத்தவன் வண்டியை நீ எதுக்குக் கண்ணு பாக்கணும், பிரேக் இன்ஸ்பெக்டர் வேலையா?" என்று கேட்டீர்கள். பதில் சொல்வதற்குள் அம்மா போனை வாங்கிவிட்டார். எப்படியும் போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

பிரேக் இன்ஸ்பெக்டர் வேலை இல்லை அப்பா. சாலையில் வண்டியை நிறுத்திச் சோதிக்க இங்கே டி.வி.எஸ்.ஏ. என்று அரசாங்க அமைப்பு தனியாக இருக்கிறது. எங்களுடையது தனியார் ஆடிட். லாரி வைத்திருப்பவர்களே கூப்பிட்டு, "எங்கள் லைசென்ஸ் விதிப்படி எல்லாம் நடக்கிறதா, பார்த்துச் சொல்லுங்கள்" என்பார்கள். சிலர் தாங்களாகக் கூப்பிடுவார்கள். சிலரை டிராஃபிக் கமிஷனர் கூப்பிட வைப்பார். டிராஃபிக் கமிஷனர் என்றதும் போலீஸ் என்று நினைத்துவிடாதீர்கள். இவர் நீதிபதி மாதிரி. யாருக்கு லாரித் தொழில் நடத்தத் தகுதி உண்டு, யாருடைய லைசென்ஸைப் பறிப்பது என்று விசாரித்துத் தீர்ப்பு சொல்கிறவர். 1930-இல் போட்ட சட்டத்தில் இருந்தே இந்தப் பதவி இருக்கிறது.

நம் ஊரில் பர்மிட்டும், எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றும் வண்டிக்குத்தான். எஃப்.சி. காட்டும் நாளில் பெயின்ட் அடித்து, லைட் எல்லாம் மாட்டி, நல்ல டயர் போட்டுக் கொண்டுபோனால் அந்த வருஷம் கழிந்துவிடும். எஃப்.சி. முடிந்து வந்ததும் நல்ல டயரைக் கழற்றி அடுத்த வண்டிக்கு மாட்டுகிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம். இங்கேயும் வருஷத்துக்கு ஒரு தரம் வண்டியைக் காட்ட வேண்டும். ஆனால் அதற்கு மேல், மூன்றரை டன்னைத் தாண்டிய வண்டியில் தொழிலுக்காகச் சரக்கு ஏற்ற வேண்டுமானால் அந்த ஆளுக்கோ கம்பெனிக்கோ ஆப்பரேட்டர் லைசென்ஸ் வேண்டும். வாங்கும்போதே எழுதி வாக்குக் கொடுக்க வேண்டும்: வண்டியை எப்போதும் ஓடத் தகுந்த நிலையில் வைத்திருப்பேன், ஓவர்லோடு ஏற்ற மாட்டேன், டிரைவரை அளவுக்கு மேல் ஓட்ட விட மாட்டேன், டிரைவர் சொல்லும் குறையை எழுத்தில் வாங்குவேன், அந்தப் பதிவுகளை 15 மாதம் பத்திரமாக வைப்பேன் என்று. எங்கள் ஆடிட் அந்த வாக்கு காப்பாற்றப்படுகிறதா என்று பார்ப்பதுதான்.

கையில் பணம் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். வாடகைக்கு ஓட்டும் லைசென்ஸ் என்றால் முதல் வண்டிக்கு 8,000 பவுண்டு, அடுத்த ஒவ்வொரு வண்டிக்கும் 4,500 பவுண்டு எடுக்கக்கூடிய பணமாக இருக்க வேண்டும். நான் போன மாதம் ஆடிட் செய்த இடத்தில் எட்டு வண்டி. அப்படியென்றால் 39,500 பவுண்டு. இது என்ன அநியாயம் என்று முதலில் நினைத்தேன். அப்புறம் புரிந்தது. கையில் காசு இல்லாதவன் தேய்ந்த பிரேக் லைனரை மாற்றுவதை அடுத்த மாதத்துக்குத் தள்ளுவான். வாடகை வரட்டும், மாற்றிக்கொள்ளலாம் என்று நாமும் எத்தனை தரம் தள்ளியிருக்கிறோம்.

அந்த எட்டு வண்டிக் கதையைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். மண்ணும் ஜல்லியும் அடிக்கிற டிப்பர் வண்டிகள். முதலாளிக்கு உங்கள் வயதிருக்கும். ஒரே ஒரு வண்டியில் ஆரம்பித்து அவரே ஓட்டி மேலே வந்தவர். சாலையில் நடந்த சோதனையில் ஒரு வண்டியின் பிரேக் மோசம் என்று அந்த இடத்திலேயே ஓடத் தடை போட்டுவிட்டார்கள். அதிலிருந்து விசாரணை வரைக்கும் போயிற்று. லைசென்ஸைப் பறிக்கவில்லை. ஆறு மாதத்துக்குள் வெளி ஆளை வைத்து ஆடிட் செய்கிறேன் என்று வாக்குக் கொடுத்துத் திரும்பியிருக்கிறார். அதற்குத்தான் நான் போனேன். டீ போட்டுக் கொடுத்தார், ஃபைல்களை மேசைமேல் அடுக்கினார், கைகள் லேசாக நடுங்கின.

ஃபைல்கள் பார்க்க அழகாக இருந்தன. ஒவ்வொரு வண்டிக்கும் ஆறு வாரத்துக்கு ஒரு தரம் முழுச் சோதனை, வரிசையாகத் தாள்கள். சுவரில் ஆறு மாதத்துக்கு முன்கூட்டியே தேதி குறித்த பெரிய சார்ட். டிரைவர்கள் தினமும் வண்டியைச் சுற்றிப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட சீட்டுகள். அத்தனையிலும் "குறை இல்லை", "குறை இல்லை" என்றே இருந்தது.

நான் செய்தது ஒன்றுதான். ஒரு வண்டியின் தினச் சீட்டுகளை இடது பக்கம் வைத்தேன், ஆறு வாரச் சோதனைத் தாளை வலது பக்கம் வைத்தேன். மெக்கானிக் எழுதியிருக்கிறார்: பின்னால் ஒரு மார்க்கர் லைட் உடைந்திருக்கிறது, மட்கார்டு தாங்கி முறிந்திருக்கிறது, உள் டயர் ஒன்று ஓரத்தில் தேய்ந்து கம்பி தெரிகிறது. அதே வண்டிக்கு அன்று காலை டிரைவர் எழுதியது, குறை இல்லை. முந்தின நாளும் அப்படியே, அதற்கு முந்தின முப்பது நாளும் அப்படியே. டயரில் கம்பி ஒரே ராத்திரியில் வெளியே வராது அப்பா. ஒருவர்கூடக் குனிந்து பார்க்கவில்லை.

இன்னொரு தாள் என்னைத் தூங்க விடவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை தேதி போட்டு, வண்டியை ஷெட்டில் வைத்து முழுச் சோதனை செய்ததாகக் கையெழுத்து. இங்கே ஒவ்வொரு வண்டியிலும் டாகோகிராஃப் என்று ஒரு கருவி உண்டு. எப்போது ஓடியது, எவ்வளவு வேகம், எப்போது நின்றது என்று எல்லாம் அதில் பதிவாகும். டிரைவர் கார்டில் உள்ளதை 28 நாளுக்குள், வண்டிக் கருவியில் உள்ளதை 90 நாளுக்குள் இறக்கி வைக்க வேண்டும். அதை எடுத்துப் பார்த்தால், அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஆறிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை வண்டி லோடு அடித்துக்கொண்டு இருந்திருக்கிறது. சோதனையே நடக்கவில்லை. தாளை மட்டும் நிரப்பியிருக்கிறார்கள்.

அதை அந்தப் பெரியவரிடம் காட்டினேன். ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு நிஜமாகவே தெரியாது என்று நம்புகிறேன். பணம் கொடுத்து வெளி ஒர்க்‌ஷாப்பில் விட்டிருந்தார், தாள் வந்தது, ஃபைலில் போட்டார். ஆனால் லைசென்ஸ் அவர் பெயரில் உள்ள கம்பெனிக்கு. மெக்கானிக் செய்யாமல் விட்டதற்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். இதை அறிக்கையில் எழுதத்தான் வேண்டியிருந்தது. அறிக்கை கையில் கிடைத்த 14 நாளுக்குள் அதோடு, எதை எப்படிச் சரிசெய்யப் போகிறேன் என்ற விவரத்தையும் சேர்த்து அவர் கமிஷனர் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அனுப்பிவிட்டார். ஒர்க்‌ஷாப்பையும் மாற்றிவிட்டார்.

ஏன் இவ்வளவு கறார் என்று கேட்பீர்கள். 2015 பிப்ரவரி 9 அன்று பாத் என்கிற ஊரில், லான்ஸ்டவுன் லேன் என்ற செங்குத்தான இறக்கத்தில் ஒரு டிப்பர் பிரேக் பிடிக்காமல் இறங்கியது. நான்கு பேர் செத்துப்போனார்கள். ஒருத்தி நான்கு வயதுக் குழந்தை, பாட்டியோடு போய்க்கொண்டிருந்தவள். வழக்கில் டிரைவரை விடுவித்துவிட்டார்கள். வண்டி முதலாளிக்கு ஏழரை வருஷமும், மெக்கானிக்குக்கு ஐந்து வருஷம் மூன்று மாதமும் சிறை. பராமரிப்புப் பதிவுகள் எல்லாம் அந்தக் கோர்ட்டில் வந்தன. இந்த வழக்கைப் பற்றி வகுப்பில் படித்த அன்று எனக்குத் தொப்பூர் மலை இறக்கம்தான் ஞாபகம் வந்தது. தர்மபுரியிலிருந்து லோடோடு இறங்கி வருகிற வண்டி பிரேக் பிடிக்காமல் முன்னால் போகிறவர்கள்மேல் ஏறியது என்று எத்தனை தரம் கேட்டிருக்கிறோம். அங்கே முதலில் பிடிபடுவது டிரைவர். லைனர் எப்போது மாற்றினாய் என்று முதலாளியை யார் கேட்டார்கள்?

பிரேக் விஷயத்தில் நான் புதிதாகக் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு, தம்பிக்கும் சொல்லுங்கள். காலி வண்டியின் சக்கரங்களைச் சோதனை ரோலரில் ஏற்றி பிரேக் பார்த்தால் போதாது. பாரம் இல்லாததால் லேசாகப் பிடித்தாலே சக்கரம் நின்றுவிடும், பிரேக் நன்றாக இருப்பதுபோலத் தெரியும். லோடு இருக்கும்போது எவ்வளவு பலம் வேண்டுமோ அது இருக்கிறதா என்று தெரியாது. அதனால்தான் இங்கே லோடு ஏற்றிச் சோதிக்கச் சொல்கிறார்கள். இந்த ஏப்ரலில் இருந்து ஒவ்வொரு முழுச் சோதனையிலும் பிரேக்கின் திறனை அளந்து காட்ட வேண்டும் என்று இன்னும் இறுக்கிவிட்டார்கள்.

டயருக்கும் ஒரு விதி இருக்கிறது. பட்டன் நன்றாகவே இருந்தாலும், பத்து வருஷம் தாண்டிய டயரை லாரியின் முன் ஆக்ஸிலில் போடக் கூடாது. 2021 பிப்ரவரியில் வந்தது. ரப்பருக்கு வயதாகிவிட்டால் வெளியே தெரியாது. டயர் பக்கவாட்டில் நான்கு எண் இருக்கும், முதல் இரண்டு எத்தனையாவது வாரம், அடுத்த இரண்டு எந்த வருஷம். நம் வண்டிகளில் ஒரு தரம் பார்த்துவிடுங்கள்.

டிரைவர் நேரமும் அப்படித்தான். நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிஷம் ஓய்வு. ஒரு நாளுக்கு ஒன்பது மணி நேரம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பத்து. நம் நாட்டிலும் 1961-இல் போட்ட சட்டத்திலேயே ஒரு நாளுக்கு எட்டு மணி நேரம், ஐந்து மணி நேரத்துக்கு ஒரு தரம் அரை மணி ஓய்வு என்றுதான் இருந்தது. ஆனால் நாமக்கல்லில் இருந்து நாக்பூர் வரை அதை அளந்து பார்க்கிற கருவியும் இல்லை, கேட்கிற ஆளும் இல்லை. கிளீனர் சம்பளத்தை மிச்சம் பிடிக்க ஒற்றை டிரைவராக அனுப்பும் பழக்கமும் வந்துவிட்டது என்று தம்பி சொன்னான். நம் வண்டிகளில் அது வேண்டாம் அப்பா.

அந்த எட்டு வண்டி யார்டில் காலை ஐந்தரை மணிக்கு ஒரு டிரைவரை, என் முன்னால் வண்டியைச் சுற்றிப் பாருங்கள் என்றேன். சின்னப் பையன். மூன்று நிமிஷத்தில் முடித்துவிட்டான், ஒரு தடவைகூடக் குனியவில்லை. அப்போது நான் உங்களைத்தான் நினைத்தேன். விடிகாலை நாலு மணிக்குக் கையில் இரும்புக் கம்பியோடு வண்டியைச் சுற்றி வருவீர்கள். தம்பி தூங்குவான், நான் டார்ச் பிடிப்பேன். ஒவ்வொரு டயராகத் தட்டுவீர்கள். இரட்டைச் சக்கரத்தில் உள் டயரில் காற்று இல்லையென்றால் சத்தம் செத்துக் கேட்கும், "இது கேக்குதா கண்ணு?" என்பீர்கள். நட்டு ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பீர்கள். அடியில் படுத்து ஏர் கசிகிற சத்தத்தை மூச்சைப் பிடித்துக் கேட்பீர்கள். இருபது நிமிஷம் ஆகும். நான் பரீட்சை எழுதித்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன், ஆனாலும் அந்தப் பையனுக்குக் குனிந்து உள் டயரைப் பார்க்கக் காட்டிக்கொடுத்தபோது என் கையில் இருந்தது உங்கள் பழக்கம்தான். அவனும் நன்றாகக் கேட்டுக்கொண்டான்.

உங்களிடம் இல்லாதது ஒன்றே ஒன்று, எழுதி வைப்பது. அத்தனையும் உங்கள் தலைக்குள் இருந்தது. எந்த டயர் எப்போது போட்டது, எந்த பிரேக் டிரம் சூடாகும், பிரேக்கைச் சரிசெய்கிற எந்த ஸ்லாக் அட்ஜஸ்டர் இறுகும் என்று எல்லாம். இப்போது வண்டியைப் பார்ப்பது தம்பி. போன வாரம் பழைய வண்டிக்கு லைனர் எப்போது மாற்றினாய் என்று கேட்டேன். "தீபாவளிக்கு முன்னாடி" என்றான். எந்தத் தீபாவளி என்று கேட்டதும் யோசித்தான். அவன் பொய் சொல்கிறவன் இல்லை. அவனுக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை. அன்றிலிருந்து எனக்கு மனசு சரியில்லை.

வண்டிக்கு ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள், பெரிய நோட்டாக வேண்டாம். தேதி, கிலோமீட்டர், என்ன பார்த்தது, என்ன மாற்றியது, யார் பார்த்தது, அவ்வளவு போதும். டிரைவர் வந்து "இடது பக்கம் இழுக்குது" என்றால் அதையும் அவனையே எழுதச் சொல்லுங்கள். குறை சொன்னதற்காகக் கோபப்படாதீர்கள். ஒரு தரம் திட்டிவிட்டால் அடுத்த தரம் அவனும் "குறை இல்லை" என்றுதான் எழுதுவான்.

வெள்ளிக்கிழமை பழைய வண்டி வடக்கே கிளம்புகிறது, திரும்பி வரும்போது தொப்பூர் வழியாக லோடோடுதான் இறங்கும் என்று தம்பி சொன்னான். அதற்கு முன்னால் பின் டிரம்களைக் கழற்றி லைனரைப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்களே பக்கத்தில் நின்று பாருங்கள். ஒவ்வொரு சக்கரத்திலும் எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். காத்திருப்பேன்.

அம்மாவுக்கு முழங்கால் தைலம் தைப் பொங்கலுக்கு வரும்போது எடுத்து வருகிறேன்.

உங்கள் அன்பு மகள்