தடுப்பூசி போட்ட கோழிக்கும் நோய் வந்தால், வைரஸ் எது என்று சொல்லுங்கள்

கோழித் தடுப்பூசி தயாரிக்கும் நிறுவனங்களுக்கும் நோய் கண்டறியும் ஆய்வகங்களுக்கும்,

வணக்கம்.

தடுப்பூசி போட்ட கொட்டகையில் நோய் வந்ததும் பண்ணைக்காரரை நோக்கி வரும் கேள்விகள் எல்லோருக்கும் மனப்பாடம். மருந்தைக் குளிர்ச்சியில் வைத்தீர்களா? குடிதண்ணீரில் குளோரின் கலந்திருந்ததா? எல்லாக் கோழியும் குடித்ததா? கேட்க வேண்டிய கேள்விகள்தான். உயிருள்ள தடுப்பு மருந்து வெயில் பட்டால் கெடும், குளோரின் பட்டால் சாகும். குஞ்சுகளின் எதிர்ப்புச் சக்தியைக் குலைக்கும் கம்போரோ நோய்க்கான மருந்தை அவசரப்பட்டுக் கொடுத்தால், தாய்க்கோழி வழியாகக் குஞ்சுக்கு வந்த எதிர்ப்பொருளே அதை முறித்துவிடும். ஆனால் விசாரணை பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடுகிறது. உள்ளே வந்த வைரஸ் எந்தத் திரிபு என்று பார்ப்பது அபூர்வம். பண்ணைக் கோழிகளுக்கு வைத்தியம் பார்ப்பவன் என்ற முறையில் எனக்குள்ள குறை இதுதான்.

ஐபி என்று நாம் சுருக்கிச் சொல்லும் மூச்சுக்குழாய் அழற்சி நோயையே எடுத்துக்கொள்வோம். கொரோனா குடும்பத்து வைரஸ். 1931இலேயே பதிவான நோய். பல காலமாக மாசசூசெட்ஸ் வகை வைரஸிலிருந்து செய்த மருந்தை நம்பித்தான் ஓட்டினோம். 1990ஐ ஒட்டி பிரிட்டனில் 4/91 என்ற திரிபு தலைகாட்டியபோது, தடுப்பூசி போட்ட கோழிகளும் தப்பவில்லை. 1996இல் சீனாவில் கியூஎக்ஸ் வகை பதிவானது. குஞ்சுப் பருவத்தில் இது தொற்றினால் முட்டைக்குழாய் பழுதாகிவிடும். கோழி நன்றாக வளரும், கொண்டை சிவக்கும், தீனியும் தின்னும், முட்டை மட்டும் வராது. மாதக்கணக்கில் தீனி போட்ட பிறகுதான் விஷயமே தெரியும்.

இப்படி ஒரு கொட்டகையிலிருந்து மாதிரி அனுப்பினால் திரும்பி வரும் அறிக்கை என்ன சொல்கிறது? "ஐபி பாசிட்டிவ்." சரி, அதை வைத்து என்ன செய்வது? நாங்களே உயிருள்ள ஐபி மருந்து கொடுத்திருக்கிறோம். அந்த மருந்து வைரஸேகூட பிசிஆர் என்ற மரபணுச் சோதனையில் தெரிந்திருக்கலாம். இரத்தத்தில் எதிர்ப்பொருளின் அளவைக் காட்டும் எலிசா டைட்டரும் வழக்கமாக வகை பிரித்துச் சொல்லாது. வைரஸின் ஸ்பைக் மரபணுவைப் படித்தால்தான் அது எங்கள் மருந்தா, வெளியிலிருந்து வந்ததா என்று தெரியும். படித்துப் பார்த்தால் சில சமயம் புது மருந்தே தேவைப்படாது. மாசசூசெட்ஸ் வகையையும் 4/91 வகையையும் முறையாகச் சேர்த்துக் கொடுத்தால், வேறு சில திரிபுகளுக்கு எதிராகவும் ஓரளவு பாதுகாப்பு கிடைக்கிறது. அந்த முடிவை எடுப்பதற்கும் எதிரே நிற்பது யார் என்று தெரிய வேண்டும் அல்லவா?

வெள்ளைக்கழிச்சலில் (ராணிக்கெட் நோய்) உங்கள் பக்கம் நியாயம் இருப்பதை மறுக்கவில்லை. 1940களில் கிடைத்த லசோட்டா என்ற தடுப்பூசி வைரஸ், இப்போது சுற்றும் 7ஆம் மரபுவகை வைரஸிலிருந்து மரபளவில் விலகியதுதான். ஆனாலும் ஒழுங்காகப் போட்டு நல்ல எதிர்ப்புச் சக்தி வந்த கோழியைச் சாவிலிருந்து அது காப்பாற்றும். அங்கே தோல்விக்குப் பெரும்பாலும் போட்ட விதமே காரணம். ஆனால் பிழைத்த கோழி வைரஸை எச்சிலிலும் எச்சத்திலும் வெளியே விடக்கூடும் என்பதை லேபிளில் ஏன் சொல்வதில்லை? "நோயிலிருந்து பாதுகாப்பு" என்று படிப்பவர், தொற்றே வராது என்றுதான் எடுத்துக்கொள்கிறார். அப்புறம் கொட்டகை வாசலில் கிருமிநாசினியில் கால் நனைக்கும் தொட்டி காய்ந்து கிடக்கிறது.

கோழிக்குக் கட்டி உண்டாக்கும் மேரக்ஸ் என்ற வைரஸ் நோயில் இந்த வித்தியாசம் இன்னும் கூர்மையானது. தடுப்பூசி கட்டியைத் தடுக்கிறது, தொற்றைத் தடுப்பதில்லை. இறகின் வேர்ப்பையிலிருந்து உதிரும் தூசியோடு வைரஸ் வெளியே போய்க்கொண்டே இருக்கும். 2015இல் ஆய்வாளர் ஆண்ட்ரூ ரீட் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், மிகக் கொடிய திரிபு தொற்றிய தடுப்பூசி போடாத கோழிகள் வைரஸை அதிகம் பரப்புமுன் செத்துவிட்டன. போட்டவை உயிரோடிருந்து பரப்பின. இதைப் படித்துவிட்டு தடுப்பூசியே வேண்டாம் என்று கிளம்பியவர்களும் உண்டு. அது பைத்தியக்காரத்தனம், மேரக்ஸ் ஊசி இல்லாமல் முட்டைக்கோழி வளர்த்துப் பார்க்கட்டும்.

திரிபு தெரியாத இடத்தில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ஒரு மருந்து கேட்கவில்லை என்றதும் அடுத்த கம்பெனியின் உயிருள்ள மருந்தை மேலே போடுகிறார்கள். குரல்வளை அழற்சி நோய்க்காக ஆஸ்திரேலியாவில் போட்ட வெவ்வேறு உயிருள்ள மருந்துகளின் வைரஸ்கள் தமக்குள் கலந்து வீரியமான புதிய வைரஸ்கள் உருவானதை 2012இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். இருட்டில் மருந்து மாற்றுவது அவ்வளவு சாதாரண விஷயமில்லை.

ஆகவே ஆய்வகங்களிடம் கேட்பது: தடுப்பூசி போட்டும் நோய் கண்ட கொட்டகைகளின் மாதிரிகளையாவது மரபணு வரிசை வரை கொண்டுபோங்கள். எந்தப் பகுதி, எந்தத் திரிபு, என்ன மருந்து போட்டிருந்தார்கள் என்பதைப் பண்ணையின் பெயர் இல்லாமல் வெளியிடுங்கள். பெயர் வெளியே வரும் என்றால் யாரும் மாதிரி தர மாட்டார்கள். வியாபாரம் போய்விடும் என்ற பயம் நியாயமானது. குளிர்ப்பெட்டி இல்லாத இடங்களுக்கு, மாதிரியைத் தடவி அனுப்பும் எஃப்டிஏ (FTA) காகித அட்டைகள் இருக்கின்றன. வைரஸைச் செயலிழக்கச் செய்து, அதன் மரபணுவை மட்டும் காத்து வைக்கும்.

நிறுவனங்களிடம் கேட்பது: எந்தத் திரிபை எதிர்த்து இந்த மருந்தைச் சோதித்தீர்கள், சாவு குறைகிறதா, வைரஸ் வெளியேறுவதும் குறைகிறதா என்று லேபிளிலேயே எழுதுங்கள். புகார் வந்தால் பேட்ச் எண்ணோடு நிறுத்தாமல் மாதிரியையும் வாங்கிப் போங்கள்.

மாதிரி அனுப்பும் படிவத்தில் தடுப்பூசி அட்டவணைக்கு ஓரிடம் ஒதுக்குங்கள். என்ன மருந்து, எந்த நாளில், எந்த வழியில் கொடுத்தோம் என்று முழுதாக எழுதி அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
ஒரு கோழி மருத்துவன்