லாக்கில் இருக்கும் அந்த ஒரு வரியைப் படித்துச் சொல்லுங்கள்

எங்கள் மின்னஞ்சல் சர்வரைப் பராமரிக்கும் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவிப் பிரிவினருக்கு,

வணக்கம். சென்ற வாரம் நாங்கள் எழுப்பிய மூன்று டிக்கெட்டுகளை, அதாவது புகார்ப் பதிவுகளை, நீங்கள் அறிவீர்கள். மூன்றையும் ‘தீர்க்கப்பட்டது’ என்று குறித்து மூடியவர்களும் நீங்கள்தான். எதுவும் தீராததால் இந்த மடலை எழுதுகிறேன். உங்களிடம் அஞ்சல் வைத்திருக்கும் பக்கத்து அலுவலகங்களும் இதையே சொல்லி அலுத்துக்கொள்வதால், பொதுவில் எழுதுகிறேன்.

எங்களுடையது திருப்பூரில் பதினொரு கணினிகள் உள்ள சிறிய பின்னலாடை ஏற்றுமதி அலுவலகம். அத்தனைக்கும் ஒரே பிராட்பேண்ட் இணைப்பு, ஆகவே வெளியே தெரிவது ஒரே ஐபி முகவரி, அதாவது இணையத்தில் எங்களை அடையாளம் காட்டும் எண். புதன்கிழமை காலை தண்டர்பேர்டு என்ற அஞ்சல் மென்பொருளைத் திறந்தோம், அஞ்சல் வந்தது. சிறிது நேரத்தில் பதினொரு கணினிகளிலும் ஒருசேர நின்றுபோனது. வெப்மெயிலும் திறக்கவில்லை. பிறகு தானாகவே வந்தது, சில நிமிடங்களில் மறுபடியும் நின்றது. நான்கு நாட்கள் இப்படியே போயின.

உங்கள் முதல் பதில்: எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றுங்கள். இரண்டாவது: கணக்கை நீக்கிவிட்டு மறுபடி சேருங்கள். மூன்றாவது: உங்கள் இணையச் சேவை நிறுவனத்தைக் கேளுங்கள். இந்த மூன்றையும் எழுதியவர்களில் ஒருவராவது சர்வரின் லாக்கை, அதாவது அங்கே நடப்பதெல்லாம் வரி வரியாகப் பதிவாகும் கோப்பைத் திறந்து பார்த்ததற்கான அடையாளம் அந்தப் பதில்களில் இல்லை.

வெள்ளிக்கிழமை என்ன நடந்தது என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் டாக்குமென்டேஷன் பிரிவை ஓர் அக்கா பார்த்துக்கொள்கிறார். காலையில் கொஞ்ச நேரம் இணைப்பு வந்தபோது சரக்கைக் கப்பலில் அனுப்பிவைக்கும் முகவரான ஃபார்வர்டரிடமிருந்து, பில் ஆஃப் லேடிங் என்ற கப்பல் சரக்கு ஆவணத்தின் டிராஃப்ட் வந்து விழுந்தது. சரக்கைப் பெறுபவரின் பெயரில் ஓர் எழுத்து தவறு. மாலை 4 மணிக்குள் திருத்தம் அனுப்ப வேண்டும். அந்த ஓர் எழுத்து அப்படியே நின்றால் வங்கியில் ஆவணங்களை ஏற்க மறுக்கலாம், பணம் நின்றுபோகலாம். திருத்தத்தை எழுதி அனுப்பினார்; அவுட்பாக்ஸிலேயே நின்றது. பதினைந்து முறையாவது அனுப்பியிருப்பார். கடைசியில் தன் கைபேசியை எடுத்து, தன் சொந்த மின்னஞ்சல் முகவரியிலிருந்து அனுப்பினார்.

ஃபார்வர்டர் ஏற்கவில்லை. பதிவு செய்த முகவரியிலிருந்து வராத எந்தத் திருத்தத்தையும் எடுத்துக்கொள்ளக்கூடாது என்பது அவர்களுக்கு உத்தரவு. அதில் தவறே இல்லை. ஏற்றுமதியாளர் பெயரில் போலி மின்னஞ்சல் அனுப்பி வங்கிக் கணக்கு எண்ணை மாற்றிப் பணத்தைச் சுருட்டும் மோசடி இந்தத் தொழிலில் எல்லோரும் அஞ்சுகிற ஒன்று. அக்கா டிராஃப்டை அச்சிட்டு, சிவப்பு மையால் திருத்தி, அலுவலக முத்திரை வைத்து, வெயிலில் ஸ்கூட்டரில் போய் அவர்கள் மேசையில் கொடுத்துவிட்டு வந்தார். திரும்பி வந்தவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் என்னிடம் கேட்டார்: “தம்பி, நான்தான் ஏதாவது தப்பாக அமுக்கிவிட்டேனா?” அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. ஆனால் மூன்று நாட்களாக உங்கள் பதில்கள் ஒவ்வொன்றும் அவரைத்தான் குற்றவாளியாக்கின.

அன்று இரவு நானே உட்கார்ந்து பார்த்தேன். அலுவலக இணைப்பிலிருந்து அஞ்சலை எடுக்கும் வாசலான, சர்வரின் 993ஆம் போர்ட்டுக்குப் போனால் இணைப்பே கிடைக்கவில்லை. அதே மடிக்கணினியைக் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தேன். அதே கடவுச்சொல், அதே அமைப்பு, உடனே அஞ்சல் இறங்கியது. கடவுச்சொல் தவறு என்றால் சர்வர் நம்மோடு பேசி, பெயரையும் கடவுச்சொல்லையும் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் மறுக்கும். இங்கே கதவே திறக்கவில்லை. அதாவது எங்கள் ஐபி முகவரியை, வெளியிலிருந்து வரும் இணைப்புகளை வடிகட்டும் உங்கள் ஃபயர்வால் தடுத்திருந்தது.

காரணம் சனிக்கிழமை கிடைத்தது. பேக்கிங் பிரிவில், அட்டைப்பெட்டி ஸ்டிக்கர் சுருள்கள் அடுக்கியிருக்கும் அலமாரியில், சார்ஜரில் செருகியபடி ஒரு பழைய கைபேசி. திரையில் விரிசல், மேலே நூல் தூசி. கன்டெய்னரில் பெட்டி ஏற்றும்போது படம் எடுத்து வாங்குபவருக்கு அனுப்ப வைத்திருந்தது. ஓர் ஊழியர் வேலையை விட்டுப் போனதால் செவ்வாய் மாலை அந்தப் பொது அஞ்சல்பெட்டியின் கடவுச்சொல்லை மாற்றியிருந்தோம். கைபேசியில் மாற்ற மறந்துவிட்டோம். அது பழைய கடவுச்சொல்லோடு ஓயாமல் உங்கள் சர்வரைத் தட்டிக்கொண்டே இருந்தது. அதை அணைத்தோம். அடுத்த தடை நீங்கியதும் வந்த இணைப்பு பிறகு நிற்கவில்லை.

மறந்தது எங்கள் பிழை, ஒப்புக்கொள்கிறேன். அப்படித் தட்டுகிறவரைத் தடுப்பதும் சரியான காவல்தான். இந்தக் காவலைச் செய்யும் ஃபெயில்2பேன் போன்ற மென்பொருளை நிறுவியவுடன் இருக்கும் அமைப்பே 10 நிமிடங்களில் 5 தவறான முயற்சிகளுக்கு 10 நிமிடத் தடை. நீங்கள் எத்தனை நிமிடம் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். அதற்கும் பதில் இல்லை. ஆனால் அஞ்சலைப் படிக்கக் கொடுக்கும் ஐமேப் சர்வரின் லாக்கில் ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு வரி விழுகிறது: எந்த அஞ்சல்பெட்டி, எந்த ஐபி முகவரி, எத்தனை மணிக்கு. புதன்கிழமை காலையே அந்த வரியைப் படித்து, ‘இந்தப் பெட்டிக்குத் தவறான கடவுச்சொல் வந்துகொண்டிருக்கிறது’ என்று எழுதியிருந்தால் அரை மணி நேரத்தில் அந்தக் கைபேசியைத் தேடிப் பிடித்திருப்போம். அதற்குப் பதிலாக எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றச் சொன்னீர்கள். மாற்றினோம். பதினொரு கணினிகளும் ஒவ்வொருவரின் கைபேசியும் பழைய கடவுச்சொல்லோடு தட்டத் தொடங்கின, தடை இன்னும் இறுகியது. நோயை வளர்க்கும் மருந்தை நீங்களே எழுதிக் கொடுத்தீர்கள்.

ஆகவே எங்கள் கோரிக்கை இதுதான்: இணைப்பு மறுக்கப்படுகிறது என்று ஒருவர் எழுதினால், முதலில் அவருடைய ஐபி முகவரிக்கு லாக்கில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பார்த்ததைச் சொல்லுங்கள்.

இது முதல் முறை அல்ல. சென்ற ஆண்டு ஆர்டர் அஞ்சல்பெட்டியை மூன்று பேர் திறந்தால் மூன்றாமவருக்கு மட்டும் கிடைக்காமல் போனது. தண்டர்பேர்டு ஒரு கணக்குக்கு வழக்கமாக 5 இணைப்புகள் வரை பிடித்து வைத்துக்கொள்ளும். டவ்காட் என்ற அஞ்சல் சர்வர் மென்பொருளின் இயல்பான அமைப்பு ஒரே ஐபி முகவரியிலிருந்து ஒரு பயனருக்கு 10 இணைப்புகள்தான். இரண்டு பேரோடு கணக்கு முடிந்துவிடுகிறது. ஒவ்வொரு கணினியிலும் 5 என்பதை 2 ஆக்கியதும் சரியானது. உங்கள் பதில் என்ன தெரியுமா? மென்பொருளை நீக்கி மறுபடி நிறுவுங்கள் என்பது. வரம்பு தாண்டியதும் அதே லாக்கில் எழுதப்பட்டிருந்திருக்கும்.

அதற்கு முன்பு சர்வரின் பெயரை அறிவிக்காமல் மாற்றினீர்கள். சர்வர் உண்மையானதுதான் என்று காட்டும் சான்றிதழில் உள்ள பெயர் பொருந்தவில்லை என்று எல்லாத் திரைகளிலும் எச்சரிக்கை வந்தது. ‘விதிவிலக்காக ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்று எழுதினீர்கள். போலி மின்னஞ்சலுக்குப் பயந்து வாழும் ஓர் அலுவலகத்தில், எச்சரிக்கை வந்தால் ஏற்றுக்கொள் என்று ஊழியர்களைப் பழக்கலாமா? அக்காவைப் போன்றவர்களிடம் எச்சரிக்கையைப் படி, நின்று யோசி என்று நான் ஆண்டுக்கணக்காகச் சொல்லி வருகிறேன். ஒரு வரியில் அதை அழித்துவிட்டீர்கள். உங்கள் உதவிப் பக்கம் இன்னும் 110, 25 என்ற போர்ட்டுகளைக் குறியாக்கம் (பிறர் படிக்க முடியாதபடி மறைத்தல்) இல்லாமல் போடச் சொல்கிறது. தொடக்கத்திலிருந்தே குறியாக்கத்தோடு 993, 995, 465 என்ற போர்ட்டுகளைப் பயன்படுத்த வேண்டும் என்று இணையத் தொழில்நுட்ப நெறிகளைச் சொல்லும் ஆவணங்களில் ஒன்றான ஆர்எஃப்சி 8314 பரிந்துரைத்தது 2018இல்.

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இரவு நேரத்தில் நூறு டிக்கெட்டுகளுக்கு முன் உட்கார்ந்திருக்கும் இளைஞர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு லாக்கைப் பார்க்கும் அனுமதியே இல்லாமல் இருக்கலாம். அப்படியானால் அந்த அனுமதியை அவர்களுக்குக் கொடுங்கள் என்று உங்கள் மேலதிகாரிகளைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் முகவரி தடுக்கப்பட்டால், தடுத்த நேரத்தையும் காரணமான அஞ்சல்பெட்டியையும் பதிவு செய்த கைபேசி எண்ணுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்புங்கள். சர்வரின் பெயரையோ வரம்பையோ மாற்றுவதாக இருந்தால் ஒரு வாரம் முன்னதாகச் சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்பாக, மூடிய மூன்று டிக்கெட்டுகளில் முதலாவதைத் தயவுசெய்து திறந்து, புதன்கிழமை காலை 9.30 முதல் 10.30 வரை எங்கள் ஐபி முகவரிக்கு லாக்கில் விழுந்த வரிகளை எடுத்து அதில் ஒட்டி அனுப்புங்கள். முகவரி அந்த டிக்கெட்டிலேயே இருக்கிறது. அச்சிட்டு அக்காவிடம் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஓர் ஏற்றுமதி அலுவலகத்தின் கணினிப் பொறுப்பாளர்,
திருப்பூர்.