மழைச் செய்தியும் தற்குறிப்பேற்ற அணியும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். மும்பை தாராவியிலிருந்து எழுதுகிறேன். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். நாலா தூர்வாரும் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் மேற்பார்வையாளராக இருந்துகொண்டே அஞ்சல் வழியில் பி.ஏ. தமிழ் முடித்தவன். (கழிவுநீரும் மழைநீரும் ஓடும் கால்வாயை இங்கே எல்லா மொழிக்காரர்களும் நாலா என்றுதான் சொல்வார்கள்.) மழைக்காலத்தில் உங்கள் நாளிதழைப் பிரித்தால், நான் படித்த தமிழும் பார்த்த வேலையும் சேர்ந்து என்னைச் சும்மா இருக்கவிடுவதில்லை.

"மிதி ஆற்றின் கோரத் தாண்டவம்", "மும்பையைப் பழிவாங்கிய மழை", "வீறுகொண்டு மீண்டது மும்பை" என்ற மாதிரித் தலைப்புகள் ஜூன் பிறந்துவிட்டால் வரிசையாக வருகின்றன. அவசர அவசரமாகச் செய்தி எழுதுகிறவர்களுக்குக் கைக்கு வந்த சொல் இவை, அது எனக்குப் புரிகிறது. ஆனாலும் இவற்றை அலங்காரம் என்று விட்டுவிட முடியவில்லை. நடந்தது என்ன, ஏன் நடந்தது என்பதையே இவை மாற்றிச் சொல்லிவிடுகின்றன.

கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது, மதில் மேலிருந்த கொடிகள் "வாரல்" என்று கைகாட்டி மறிப்பதுபோல அசைந்தன என்கிறது சிலப்பதிகாரம். பள்ளிக்கூடத்தில் தற்குறிப்பேற்ற அணிக்கு எல்லாரும் எழுதுகிற எடுத்துக்காட்டு இதுதான். ஒரு பொருளில் இயல்பாக நிகழ்வதை விட்டுவிட்டு, புலவர் தாம் கருதும் வேறொன்றை அதன் மேல் ஏற்றிச் சொல்வது இந்த அணி என்று தண்டியலங்காரம் இலக்கணம் சொல்கிறது. கொடி காற்றில்தான் ஆடுகிறது என்பது படிக்கிற எல்லாருக்கும் தெரியும். இளங்கோ காற்றை மறைக்கவில்லை. நமக்குத் தெரிந்த அந்த அசைவின் மேல் வரப்போகும் கேட்டை ஏற்றி வைக்கிறார், படிக்கிற நமக்கு நெஞ்சு பதறுகிறது.

செய்தியில் நடப்பது வேறு. திருநெல்வேலியில் உட்கார்ந்து படிக்கிற என் அண்ணனுக்கு மிதி எங்கே பிறக்கிறது, எங்கே போய் விழுகிறது என்று எப்படித் தெரியும்? அவருக்கு ஆறு பழிவாங்கியது என்று மட்டும் சொன்னால், அவர் கையில் மிஞ்சுவது அந்தப் பழி மட்டுந்தான். இயல்பான காரணம் அவருக்கு வந்து சேரவே இல்லை.

காரணம் என்ன? விகார், பவாய் ஏரிகள் நிரம்பி வழிகிற தண்ணீர்தான் மிதி ஆறு. ஏறத்தாழ 18 கிலோமீட்டர் ஓடி மாஹிமில் கடலில் சேர்கிறது. நடுவில் விமான நிலையத்துக்காக அதை வளைத்துத் திருப்பியிருக்கிறார்கள். முகத்துவாரத்துக்கு அருகே, தண்ணீர் பரவி நிற்க இடமாக இருந்த சதுப்பு நிலத்தை மேடாக்கி பாந்த்ரா-குர்லா வணிக வளாகம் எழுப்பினார்கள். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுருஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது, நகரத்தின் பழைய வடிகால்கள் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழையைத்தான் தாங்கும் நிலையில் இருந்தன. அதுவும் கடல் உள்வாங்கியிருந்தால். அன்று பிற்பகல் கடல் ஏறத்தாழ 4.5 மீட்டர் உயர்ந்து நின்றது. இதில் யாருடைய கோபத்துக்கும் இடமில்லை. அளவும் மட்டமும் வேலைக் கணக்கும்தான் இருக்கின்றன. அவற்றுக்குக் கையெழுத்துப் போட்ட மனிதர்களும் இருக்கிறார்கள்.

அப்போ உவமையே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். எங்கள் தொழிலில் ஒரு பேச்சு உண்டு: "நாலா வாந்தி எடுக்குது" என்பார்கள். கடல் ஏறும்போது வடிகாலின் வெளிவாய் கடல்மட்டத்துக்குக் கீழே போய்விடும். உள்ளே போன தண்ணீர் கடலுக்குள் இறங்க முடியாமல் திரும்பி வந்து, சாலை நடுவிலிருக்கும் மேன்ஹோல் வாய் வழியாகவே வெளியே கொட்டும். மேல் மூடி முதலில் லேசாகத் துள்ளும், ஓரத்தில் கறுப்பாக நுரை கட்டும், அப்புறம் மூடி அப்படியே ஒருபக்கம் சாய்ந்து தண்ணீர் முழங்கால் உயரத்துக்குப் பொங்கும். இதைப் பார்த்த எவனும் வாந்தி என்ற சொல்லைத் தவிர வேறு சொல்லைத் தேட மாட்டான். உவமை வினை, பயன், மெய், உரு என்ற நான்கின் வழியாகப் பிறக்கும் என்று தொல்காப்பியம் வகுக்கிறதே, அதில் இது வினையுவமம். போன வழியே திரும்பி வருகிற அந்தச் செயல்தான் இரண்டுக்கும் பொது. நாலா தூர்வாரும் ஆள் சொன்ன இந்த ஒரு வரியைக் கேட்டால், ஹாஜி அலியிலும் இர்லாவிலும் ஏன் பம்பிங் ஸ்டேஷன் கட்டித் தண்ணீரைக் கடலுக்குள் தள்ளுகிறார்கள் என்பதும் விளங்கிவிடும். "கோரத் தாண்டவம்" என்ற உவமையைப் படித்து ஒருவருக்கு ஒரு வால்வு கூட விளங்காது.

அடுத்தது ஆகுபெயர். "மும்பை மூழ்கியது" என்று எழுதுகிறோம். ஊர்ப்பெயர் ஊராருக்கு ஆகிவரும், இலக்கணப்படி சரி. ஆனால் 944 மில்லிமீட்டர் பெய்த அதே நாளில், நகரத்தின் தெற்கு முனையான கொலாபாவில் பதிவான மழை சுமார் 73 மில்லிமீட்டர்தான். குர்லாவிலும் கலீனாவிலும் முதல் மாடி தேடி ஓடியவர்களையும், கொலாபாவில் குடை பிடித்து நடந்தவர்களையும் ஒரே பெயருக்குள் போட்டு மூடிவிட்டோம். "மும்பை மீண்டது" என்பதில் எனக்கு இதைவிட வருத்தம். ரயில் ஓடத் தொடங்கிவிட்டால் மும்பை மீண்டது என்று எழுதிவிடுகிறீர்கள். ஈரமான அரிசியை மொட்டை மாடி கிடைக்காமல் சாலையோரத்தில் காயப்போடுகிற பெண்ணும், ஊறிப்போன தோல் கட்டுகளை மொத்தமாகத் தூக்கி எறிகிற பட்டறைக்காரரும் அந்த மும்பையில் சேர்த்தியில்லையா? எங்களைப் பாராட்டுகிற சொல் என்று நினைத்துத்தான் எழுதுகிறீர்கள். எங்கள் பக்கம் அது கணக்கை முடித்து வைக்கிற சொல்லாக வந்து விழுகிறது. மீண்டவர்களுக்கு நிவாரணம் எதற்கு?

செயப்பாட்டு வினையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. "ஆற்றோரக் குடிசைகள் அகற்றப்பட்டன" என்ற வாக்கியத்தில் அகற்றியவர் யார் என்று தேடினால் கிடைக்க மாட்டார்.

உயிர்ப்பலி விஷயத்தில் மட்டும் இன்னும் கொஞ்சம் கவனம் வேண்டும் என்று கெஞ்சிக் கேட்கிறேன். 2017 ஆகஸ்ட் 29 மழையில், வீட்டுக்கு நடந்துபோன மூத்த மருத்துவர் ஒருவர் திறந்திருந்த மேன்ஹோலுக்குள் விழுந்து இறந்துபோனார். இரண்டு நாள் கழித்து உடல் வொர்லியில் கிடைத்தது. இப்படிப்பட்ட சாவை "மழைக்குப் பலி" என்று எழுதினால், படிக்கிறவர் வானத்தைப் பார்ப்பார். "மூடி திறந்திருந்த மேன்ஹோலில் விழுந்து இறந்தார்" என்று எழுதினால் தன் தெரு மூடியைப் பார்ப்பார், உள்ளே கம்பி வலை போட்டிருக்கிறதா என்று வார்டு அலுவலகத்தில் கேட்பார். அதிலும் அலங்காரம் இல்லை என்று யாரும் குறை சொல்லப்போவதில்லை.

ஒரு யோசனை. மழைக்காலம் தொடங்கும் முன்பே, கடல் 4.5 மீட்டருக்கு மேல் ஏறும் நாட்களையும் நேரத்தையும் மும்பை மாநகராட்சி பட்டியலாக வெளியிடுகிறது. அதை ஜூன் முதல் வாரத்திலேயே தமிழில் முழுசாகப் போடுங்கள். வெள்ளப் படம் போடும் நாளில், படத்துக்குக் கீழே அன்றைய மழையளவு எந்த இடத்தில் எடுத்தது, கடல் ஏற்றம் எத்தனை மணிக்கு என்று ஒரு வரி சேருங்கள். அப்புறம், செய்தியாளர் நாலா ஓரம் வரும்போது அங்கே கரண்டியோடு நிற்கிற தமிழ்ப் பையன்களிடம் இரண்டு நிமிடம் பேசச் சொல்லுங்கள். தலைப்புக்கு நல்ல உவமை அவர்களிடமே கிடைக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தாராவி, மும்பை – 17