அரைவல் கார்டு: இனி உங்கள் போனிலேயே

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

போன மாதம் வரை சிங்கப்பூர், மலேசியா டிக்கெட்டோடு சேர்த்து அரைவல் கார்டையும் (அந்த நாட்டில் இறங்குவதற்கு முன் ஆன்லைனில் நிரப்ப வேண்டிய வருகைப் படிவம்) நாங்களே போட்டு, பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுத்துவிடுவோம். இந்த மாதம் முதல் அதை நிறுத்திவிட்டோம். “காசு வேண்டுமானால் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்களேன்” என்று இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். காசு விஷயம் இல்லை. தப்பு எங்கள் பக்கம் நடந்தது.

சிங்கப்பூரில் 2021 ஏப்ரலுக்குப் பிறகு பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை. எத்தனை நாள் தங்கலாம் என்பது இ-பாஸாக மின்னஞ்சலில் வரும். எந்த மின்னஞ்சலுக்கு? அரைவல் கார்டில் கொடுத்ததற்கு. எங்கள் பையன் அவசரத்தில் எல்லோருக்கும் கடை மின்னஞ்சலையே போட்டுக்கொண்டிருந்தான். மகள் வீட்டுக்குப் போன ஓர் அம்மா, பாஸ்போர்ட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டி முத்திரையைத் தேடியிருக்கிறார். அவருடைய இ-பாஸோ இங்கே எங்கள் இன்பாக்ஸில், ஆஃபர் விளம்பரங்களுக்கு நடுவில் கிடந்தது. சிங்கப்பூர் குடிவரவுத் துறையின் தளத்திலும் அதைப் பார்க்கலாம்தான். அது அவருக்கு எப்படித் தெரியும்? நாங்கள் சொல்லவில்லையே.

அதனால் உங்கள் போன், உங்கள் மின்னஞ்சல். சிங்கப்பூருக்கு ‘மைஐசிஏ மொபைல்’ என்ற அரசு ஆப் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் போட்டோ இருக்கும் பக்கத்தைக் கேமராவில் காட்டினால் பெயரும் எண்ணும் தானாக ஏறிக்கொள்ளும். ஏறியதை ஒரு தடவை ஒத்துப் பாருங்கள். ஆதாரில் ஆர். முருகன், பாஸ்போர்ட்டில் முருகன் ராமசாமி என்றால், பாஸ்போர்ட்டில் உள்ளதுதான் பெயர். புதுப்பித்த பாஸ்போர்ட்டுக்கு எண்ணும் புதிது. பழைய எண்ணை மனப்பாடமாக வைத்திருப்பவர்கள்தான் இதில் அதிகம் தடுமாறுகிறார்கள். கைக்குழந்தைக்கும் தனி கார்டு உண்டு.

எப்போது போடுவது? இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாள். 15ஆம் தேதி இறங்குகிறீர்கள் என்றால் 13ஆம் தேதி முதல் போடலாம். டிக்கெட் எடுத்த அன்றே போட்டுத் தரச் சொன்னால் எங்களாலும் முடியாது. இன்னொன்று, ராத்திரி விமானம். திருச்சியில் 14ஆம் தேதி இரவு ஏறினால் சிங்கப்பூரில் 15ஆம் தேதி விடியற்காலை இறங்குவீர்கள், அங்கே மணி நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். கார்டில் கேட்பது இறங்கும் தேதி. ஏறும் தேதியைப் போட்டுவிட்டு வருகிறவர்கள் வாரத்துக்கு ஒருவராவது இருக்கிறார்கள்.

மலேசியாவுக்கும் அதே மூன்று நாள் கணக்கு. 2024 ஜனவரி 1 முதல் டிஜிட்டல் அரைவல் கார்டு அங்கே கட்டாயம். நம் நாட்டவருக்கு விசா வேண்டாம் என்று ஆனபிறகு, “விசாவே வேண்டாமாம், கார்டு எதற்கு?” என்று பலர் விட்டுவிடுகிறார்கள். விசா வேறு, கார்டு வேறு. சிங்கப்பூருக்கு இரண்டுமே வேண்டும். விசா வேலையை வழக்கம்போல நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். கோலாலம்பூரில் விமானம் மாறி ஆஸ்திரேலியா போகிறவர்கள் வெளியே வராமல் அப்படியே மாறினால் மலேசியக் கார்டு தேவையில்லை. தனித்தனி டிக்கெட் எடுத்து, பெட்டியை வெளியே வந்து வாங்கி மறுபடி போட வேண்டுமென்றால் குடிவரவைத் தாண்டியாக வேண்டும், அப்போது கார்டும் வேண்டும். தாய்லாந்திலும் 2025 மே 1 முதல் இதே மாதிரி வந்துவிட்டது.

மூன்று நாட்டுக் கார்டும் இலவசம். இதை அழுத்திச் சொல்கிறோம், ஏனென்றால் கூகுளில் தேடினால் அரசுத் தளம் போலவே வேஷம் போட்ட தளங்கள் வந்து நிற்கின்றன. டாலரில் கட்டணம் கேட்டால் உடனே மூடிவிடுங்கள். முகவரி சிங்கப்பூருக்கு ‘ஜிஓவி டாட் எஸ்ஜி’ என்றும், மலேசியாவுக்கு ‘ஜிஓவி டாட் எம்ஒய்’ என்றும் முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முன்பு விமானத்தில் வெள்ளைக் கார்டு கொடுப்பார்கள், “தம்பி, பேனா இருக்கா? இதை நிரப்பிக் கொடுப்பா” என்று பக்கத்து சீட்டில் கேட்டால் வேலை முடிந்தது. போன் பழக்கமில்லாத பெரியவர்களுக்கு இப்போது அந்தப் பக்கத்து சீட்டு நாங்கள்தான். கிளம்புவதற்கு முந்தின நாள் போனையும் பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு கடைக்கு வாருங்கள். மின்னஞ்சல் இல்லாதவர்கள், அங்கே வரவேற்க வரும் மகன் அல்லது மகளின் மின்னஞ்சலைத் தாளில் எழுதிக்கொண்டு வரவும். உட்கார வைத்துப் போட்டுத் தருகிறோம், கட்டணம் எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை என்பதால், திங்கட்கிழமை அங்கே இறங்குவதென்றால் சனிக்கிழமையே வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் டிராவல்ஸ் கடையினர்,
திருச்சி