முயலுக்குப் பழம்: அளவு முக்கியம்

உறுப்பினர்கள் கவனத்துக்கு: முயலுக்குப் பழம் சாப்பாடு அல்ல, தின்பண்டம். 1 கிலோ உடல் எடைக்கு 1 டீஸ்பூன், வாரத்துக்கு 2 முறை போதும். ஆப்பிள் என்றால் விதையை எடுத்துவிட்டு, சுண்டுவிரல் நகமளவு நறுக்குங்கள். வாழைப்பழத்தில் ஒரே ஒரு மெல்லிய வில்லை. இன்னும் கேட்டுக் காலைச் சுற்றிச் சுற்றி வரும், ஏமாறாதீர்கள். உலர்பழத்தில் சர்க்கரை செறிந்திருக்கும், தவிருங்கள். அவகாடோ நஞ்சு. 4 மாதத்துக்குக் குறைந்த குட்டிக்குப் பழமே வேண்டாம்.

சர்க்கரை கூடினால் குடல் நுண்ணுயிர்களின் சமநிலை குலைந்து, புழுக்கை கொழகொழவென்று வாலடியில் ஒட்டும். உடனே பழத்தை நிறுத்தி, உலர்புல்லும் தண்ணீரும் தாராளமாக வையுங்கள். 10 மணி நேரமாகத் தின்னாமல், புழுக்கையும் போடாமல் இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.