லயத்துச் சிப்பாயின் குடும்பத்துக்கும் உரியது வந்து சேரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வருடாவருடம் மே 19ஆம் திகதி பத்தரமுல்லை படைவீரர் நினைவுத்தூபியில் மலர் வைப்பதைத் தொலைக்காட்சியில் காட்டுவார்கள். அது தொடங்கியதும் என் அண்ணி எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். அவருடைய கணவர், என் மூத்த அண்ணன், 22 வருடம் இராணுவத்தில் இருந்தவர். பொகவந்தலாவைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில், லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடொன்றில், பிறந்து வளர்ந்தவர்.

எங்கள் தாத்தாவை 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர் ஆக்கியது. அப்பாவின் கைக்குப் பிரஜாவுரிமை வர 1988 ஆனது. அந்த வீட்டுப் பிள்ளை 1996இல் படையில் சேர்ந்தான். அம்மா கொழுந்து பறித்துக் கொண்டுவந்த நாட்சம்பளத்தில் ஐந்து பேர் சாப்பிட்டோம். அவனுக்கு ஒரு நிரந்தர வேலை வேண்டியிருந்தது. அண்ணன் வவுனியாவில் இராணுவ லொறி ஓட்டிக்கொண்டிருந்த அதே நாட்களில், அட்டன் பஸ் நிலையத்தில் என் சின்னண்ணனை அடையாள அட்டை கேட்டு மணிக்கணக்கில் நிறுத்தி வைத்தார்கள். லீவில் வரும்போது அண்ணன் ஒருநாளும் சீருடையோடு தோட்டத்துக்குள் வந்ததில்லை.

1977 கலவரத்துக்குப் பிறகு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் குடியேறிய சொந்தங்கள் எங்களுக்கு உண்டு. அங்கே போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாரின் துயரத்தை அறிந்துதான் இதை எழுதுகிறேன். அவர்களுக்குச் சேர வேண்டியதைக் குறைத்து எங்களுக்குத் தாருங்கள் என்று நான் கேட்கவில்லை.

கண்ணிவெடியில் அண்ணனுக்கு முழங்காலுக்குக் கீழே இடது கால் போனது. பிறகு களஞ்சிய வேலையில் இருந்து சேவைக்காலத்தை முடித்தார். செயற்கைக் காலைச் சரிபார்க்க ராகமைக்குப் போக வேண்டும். விடியற்காலை இருட்டில் புறப்பட்டு அட்டனுக்கு ஒரு பஸ், அங்கிருந்து கொழும்புக்கு இன்னொன்று, பிறகு ராகமைக்கு இன்னொன்று. ராகமையில் சமதரையில் நடக்கப் பழகிய அந்தக் கால் எங்கள் லயத்துக்கு ஏறும் வழுக்குப் படிகளுக்குக் கடைசிவரை பழகவில்லை. மழைக்காலத்தில் அதைக் கழற்றி வைத்துவிட்டு ஊன்றுகோலில்தான் இறங்குவார்.

மூன்று வருடத்துக்கு முன் அவர் காலமானார். விதவை ஓய்வூதியம் அண்ணியின் கைக்கு வர பதினான்கு மாதம் சென்றது. முப்பது நாளைக்குள் பதில் கேட்டு ஒரு அலுவலகத்திலிருந்து வந்த கடிதம், எங்கள் வீட்டுக்கு வர ஐந்து கிழமை ஆகியிருந்தது. லயத்து வீட்டுக்கு இலக்கமில்லை, தெருப் பெயரில்லை. கடிதங்கள் தோட்ட ஆபிசுக்குத்தான் போகும். அங்கிருந்து யாராவது கொண்டுவந்தால் உண்டு. வந்த கடிதமோ முழுக்கச் சிங்களத்தில். நான் ஆசிரியை. கடைவீதிச் சிங்களம் எனக்குத் தெரியும், அலுவலகச் சிங்களம் தெரியாது. டவுனில் கடை முதலாளிதான் வாசித்துச் சொன்னார். விஷயம் இதுதான்: அண்ணியின் பிறப்புச் சான்றிதழில் ‘லெட்சுமி’, அடையாள அட்டையில் ‘லச்சுமி’. பெயரைப் பதிந்தவர் காதில் விழுந்தபடி எழுதியதற்கு, ஐம்பது வயதில் ஒரு பெண் சத்தியக்கடதாசியும் கையுமாக அலைந்தார்.

தோட்டத்தில் பிறந்தவர்களில் எத்தனை பேருக்கு எல்லாப் பத்திரங்களிலும் பெயர் ஒன்றாக இருக்கிறது?

அரசியலமைப்பின் 16ஆம் திருத்தம் 1988இல் வந்தது. சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள இடத்திலும் தமிழில் எழுதித் தமிழில் பதில் பெற ஒருவருக்கு உரிமை உண்டு என்று அது சொல்கிறது. நுவரெலியா மாவட்டத்தில் பெரும்பான்மையோர் தமிழ் பேசுகிறவர்கள். படையில் இருந்தவரின் மனைவிக்கு அவருக்குப் புரியும் மொழியில் ஒரு பக்கக் கடிதம் அனுப்புவது பெரிய செலவா?

படையினரையும் அவர்கள் குடும்பங்களையும் கவனிக்கவென்றே 1999ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தால் ரணவிரு சேவா அதிகாரசபை அமைக்கப்பட்டது. அந்த அதிகாரசபையும் ஓய்வூதியத் திணைக்களமும் சேர்ந்து வருடத்துக்கு இரண்டு தடவையாவது அட்டனிலும் பண்டாரவளையிலும் நடமாடும் சேவை நடத்த வேண்டும். தமிழ் தெரிந்த உத்தியோகத்தர்களோடு, பெயர்த் திருத்தமும் உயிர்வாழ்வுச் சான்றிதழும் அங்கேயே முடியும்படி நடத்த வேண்டும். பதுளை, கண்டிப் பக்கங்களில் தமிழ் பேசும் முஸ்லிம், மலாய்க் குடும்பங்களிலிருந்து படைக்குப் போனவர்களுக்கும் அது உதவும். செயற்கைக் கால் சரிபார்க்கும் ஆட்களும் அந்த நாட்களில் வந்தால், ஊனமுற்றவர்களுக்கு மூன்று பஸ் பயணம் மிச்சம்.

வீட்டு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். வீட்டுக் கடனுக்குக் காணி உறுதி கேட்கிறார்கள். லயம் இருக்கும் நிலம் அரசுடையது, கம்பனியின் குத்தகையில் இருக்கிறது. அண்ணன் சாகும்வரை அவர் பெயரில் ஒரு அடி மண் இருக்கவில்லை. தோட்ட வீடமைப்பில் கொடுக்கப்படும் காணியில் இப்படிப்பட்ட குடும்பங்களுக்கு முன்னுரிமை தரலாம். அண்ணனுக்கு உதவாது, அவருடைய இரண்டு பிள்ளைகளுக்கு உதவும்.

அண்ணிக்கு இப்போது பணம் வருகிறது. எங்கள் தோட்டத்துக் கீழ்ப்பிரிவில் இன்னொரு தாய் மகனுடைய கோப்பைத் தூக்கிக்கொண்டு போன ஞாயிற்றுக்கிழமை என்னிடம் வந்தார். அதற்குள் இருந்த கடிதங்கள் ஏழு. ஏழும் சிங்களத்தில்.

இப்படிக்கு,
ஒரு தோட்டப் பாடசாலை ஆசிரியை,
பொகவந்தலாவை